ஒத்தைப் பல்லு பட்டறை

அண்ணன் மறைந்து, வருகிற மாசியில் ஓர் ஆண்டு நிறைகிறது. தலைத் திவசத்துக்கு வரும் உறவினருக்கும் நண்பருக்கும் ஒரு மலர் கொடுத்தனுப்ப வேண்டும் என்று வீட்டில் முடிவானபோது, அதை யார் எழுதுவது என்பதில் பெரிய தயக்கம் இருந்தது. அண்ணனுக்குப் பிள்ளைகள் இல்லை. கூடப் பிறந்தவன் நான் ஒருவன். நானோ சாவு வீட்டிலும் நாலு பேரைச் சிரிக்க வைத்து அண்ணியிடம் முறைப்பு வாங்குகிறவன். வேறு ஆள் கிடைக்காமல் பேனா என்னிடம் வந்து சேர்ந்தது. படிக்கும்போது சிரிப்பு வந்தால் பழி என்னுடையது. அண்ணனுக்கு அதில் பங்கில்லை.

எழுதி முடித்ததை, முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அண்ணியிடம் வாசித்துக் காட்டினேன். பிறப்பு, வளர்ப்பு, குணம் என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார். "தொழிலில் ஆயுள் முழுவதும் ஒரே ஒரு முறைதான் கை தவறினார்" என்ற வரி வந்ததும் கீரையைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்த வரிய அடிச்சிடுங்க தம்பி."

ஊருக்கே தெரிந்ததை நாம் மட்டும் மறைத்தால் கேலிக்கு இடமாகும் என்றேன். இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் பெரும்பாலோருக்கு மூவாரில் எங்கள் பட்டறைக்கு என்ன பெயர் என்பது தெரியும். பலகையில் எழுதியிருப்பது ஒன்று. தபால்காரர் முதல் படகுக்காரர் வரை சொல்வது 'ஒத்தைப் பல்லு பட்டறை'. அண்ணன் ஒரு மோட்டாரின் பல்சக்கரத்தை ஒரு பல் தள்ளிப் பூட்டினார் என்பதற்காக ஊர் சூட்டிய பெயர் அது. புதிதாக வருகிறவர்கள் கிழவர் யாரோ உள்ளே இருக்கிறார் என்று எட்டிப் பார்ப்பார்கள். அண்ணனுடைய முப்பத்திரண்டு பற்களையும் கண்டு குழம்பிப்போவார்கள்.

"ஊருக்குத் தெரிஞ்சது தப்பு," என்றார் அண்ணி. "அடிச்சா மட்டும் பத்தாது. ஏன் அடிச்சீங்கன்னும் எழுதுங்க."

ஆகவே இந்தக் கட்டுரை இரண்டாம் முறை எழுதப்பட்டது. அண்ணன் கை தவறினாரா என்பதைச் சொல்லத்தான் இது. மற்றவை முறைப்படி வரும்.

அண்ணன் பிறந்தது தஞ்சாவூர்ச் சீமையில். அப்பாவும் அம்மாவும் மலாயாவுக்குக் கப்பலேறியபோது அவர் கைக்குழந்தை. நான் பிறந்தது மூவார் ஆற்றுக்கு மேலே கித்தா என்கிற ரப்பர்த் தோட்டத்துக் கூலி லயத்தில். சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால் அண்ணன் ஒன்று சொல்வார், நான் ஒன்று சொல்வேன். கேட்டவர் எங்களைச் சந்தேகமாகப் பார்ப்பார். அப்பா காய்ச்சலில் போனார். அம்மா அதிக நாள் தாங்கவில்லை. அண்ணனுக்கு அப்போது மீசைகூட முளைக்கவில்லை. காலையில் ரப்பர்ப் பாலுக்காகப் பால்மரம் வெட்டி, மத்தியானம் எனக்குக் கஞ்சி காய்ச்சி, சாயங்காலம் ஆலைப் பக்கம் போய் நிற்பார். ரப்பர் ஷீட் உருட்டும் எஞ்சின் ஒன்று அங்கே இருந்தது. அதைத் தொட யாரும் விடவில்லை. பார்ப்பதற்குத் தடையில்லை என்பதால் சில வருஷங்கள் பார்த்தார். பழைய எஞ்சின்காரர் ஊர் திரும்பியபோது தோட்டத்துத் துரை வேறு ஆளைத் தேடவில்லை.

அங்கிருந்து மூவார் நகரத்துக்கு வந்தோம். சீனத் தச்சர் ஒருவருடைய நாற்காலிக் கடைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை கிடைத்தது. அந்தக் கொட்டகைக்குத்தான் அண்ணி பத்து பாகாட் என்கிற ஊரிலிருந்து மருமகளாக வந்தார். மாமியார் இல்லாத வீடு என்று சந்தோஷப்பட்டு வந்தவருக்கு நான் இருந்தேன். அண்ணன் மோட்டார்களைப் பழுது பார்த்தார். நாங்கள் வாங்கிய பழைய வாடகை மோட்டார் ஒன்றை நான் மூவாருக்கும் பத்து பாகாட்டுக்கும் நடுவே ஓட்டினேன். அந்த வண்டி ஓடித்தான் வீட்டில் உலை கொதித்தது.

அண்ணனுடைய குணங்களில் முதலாவது சந்தேகம். நினைவு மலரில் எழுதக்கூடிய குணமா இது என்று நினைக்காதீர்கள். அவர் சந்தேகப்பட்டது இரும்பை. வேலையாள் ஒருவன் சரி என்று சொன்ன வால்வை நம்பமாட்டார். தானே சரி என்று சொன்னதையும் மறுநாள் நம்பமாட்டார்.

மோட்டார் தெரியாத உறவினருக்காக ஒரு வார்த்தை. எஞ்சினுக்குள் பெட்ரோல் காற்று நுழைய ஒரு கதவும், எரிந்த புகை வெளியேற ஒரு கதவும் உண்டு. அவைதான் வால்வுகள். அவற்றை நேரம் பார்த்துத் திறப்பது கேம் தண்டு என்கிற நீளத் தண்டு. அதன் மேல் முட்டையைப் போலப் புடைத்த மேடுகள் இருக்கும். தண்டு சுழல, மேடு வந்து வால்வைத் தள்ளித் திறக்கும். மேடு நகர்ந்ததும் ஸ்பிரிங் அதை இழுத்து மூடும். கதவு நேரம் தவறித் திறந்தால் எஞ்சின் இருமும், சுடும், ஏற்றத்தில் படுத்துவிடும்.

அண்ணன் வால்வைக் கழற்றினால் பக்கத்து நாற்காலிக் கடை முதலாளியான சீனத் தவுக்கேகூட வேலையை விட்டுவிட்டு வந்து பார்ப்பார். ஒவ்வொரு வால்வையும் அதனதன் குழியில் வைத்து, அரைக்கும் களிம்பு தடவி, தயிர் கடைவதுபோல முன்னும் பின்னும் திருப்பித் தேய்ப்பார். பிறகு மேலே மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு, அடியில் கசிகிறதா என்று கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்ப்பார். கசிந்தால் மறுபடி தேய்ப்பார். கசியவில்லை என்றால் சந்தேகம் அதிகமாகி மறுபடி ஊற்றுவார். வால்வின் காலுக்கும் அதைத் தள்ளும் கட்டைக்கும் இடையே எவ்வளவு சந்து வேண்டும் என்பதற்கு ஒரு சிகரெட் டப்பாவின் அட்டையை வைத்திருந்தார். அந்த அட்டை வழவழவென்று நுழைய வேண்டும், ஆனால் கொஞ்சம் பிடிக்க வேண்டும். அதே சிகரெட்டில் வேறு டப்பாவின் அட்டையை நான் கொடுத்தபோது, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

என் சந்தேகம் வேறு ரகம். நான் இரும்பை முழுக்க நம்புகிறவன். மனிதர்களில் ஒருவரையும் விட்டதில்லை. எனக்கு மிகவும் வேண்டிய சந்தேகம் காசிம் ராவுத்தர். நாகூர்ப் பக்கத்துக்காரர். அதே சாலையில் அவருக்கும் ஒரு வாடகை மோட்டார். படகுத்துறைக்கு மேலே எங்கள் இரண்டு வண்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தால் ஏதோ செய்துவிட்டார் என்று டயரைப் பார்ப்பேன். சிரிக்காவிட்டால் இனிமேல் செய்யப்போகிறார் என்று ராத்திரி தூக்கம் வராது.

இப்போது அந்த வருஷத்துக்கு வருகிறேன். ரப்பர் விலை விழுவதற்குக் கொஞ்சம் முந்தி.

வாடகை மோட்டார்களை வருஷா வருஷம் ஒரு வெள்ளைக்கார அதிகாரி பரிசோதிப்பார். தேறினால் அனுமதி. தேறாவிட்டால் அந்த இடம் வரிசையில் காத்திருக்கும் வேறொருவருக்கு. துரை குறித்த நாள் அந்த வருஷம் விஜயதசமியாக வந்து தொலைத்தது. எங்கள் வண்டியிலோ கேம் தண்டைத் தாங்கும் வளையங்கள் தேய்ந்து, தண்டு உள்ளே தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது. புது வளையங்கள் ஜொகூர் பாருவிலிருந்து வந்து சேரவே பூஜை நெருங்கிவிட்டது. அண்ணன் எஞ்சினைத் திறந்து தண்டை வெளியே எடுத்தார்.

இங்கேதான் நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேம் தண்டின் முனையில் ஒரு பெரிய பல்சக்கரம் உண்டு. எஞ்சினின் அடியில் சுழலும் தண்டில் ஒரு சின்னப் பல்சக்கரம். இரண்டும் பல்லோடு பல் கோத்துச் சுழலும். சின்னதின் எந்தப் பல் பெரியதின் எந்த இடுக்கில் இருந்ததோ, திரும்பப் பூட்டும்போது அங்கேயே உட்கார வேண்டும். ஒரு பல் தள்ளினாலும் கதவுகளின் நேரம் மாறிவிடும். இதற்காகச் சக்கரத்தில் ஊசிமுனைக் குத்துப் புள்ளி வைத்திருப்பார்கள். எங்கள் வண்டி பல கை மாறியது. ஆளுக்கு ஒரு புள்ளி குத்தி, பெரிய சக்கரம் அம்மை வார்த்த முகம் போல இருந்தது.

எவன் குத்தியது என்று தெரியாத புள்ளியை நான் ஏன் நம்ப வேண்டும் என்று சொல்லி, அண்ணன் தன் அடையாளத்தைத் தானே வைத்தார். செந்தூரத்தை எண்ணெயில் குழைத்து, சின்னச் சக்கரத்தின் பல்லில் ஒரு தொடு, பெரிய சக்கரத்தின் இடுக்கில் ஒரு தொடு. பிறகு கழற்றிச் சாக்கின் மேல் வரிசையாகப் பரப்பினார். வளையங்களைப் பொருத்தி முடிப்பதற்குள் பூஜைக்குப் பொழுது வந்துவிட்டது. எங்கள் வீட்டில் ஆயுத பூஜை அன்று ஆயுதத்தைத் தொடக் கூடாது. விஜயதசமி காலையில் தீபாராதனை முடிந்த பிறகுதான் எடுக்கலாம். எஞ்சின் வயிறு திறந்த நிலையிலேயே பூஜைக்கு உட்கார்ந்தது. நான் பதறினேன். துரைக்கு ஆயுத பூஜை தெரியுமா என்று கேட்டேன். எனக்குத் தெரியுமே என்றார் அண்ணன்.

விஜயதசமி காலையில் சூடம் காட்டி, பாகங்களில் இருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, அண்ணன் ஒவ்வொன்றாகப் பூட்டினார். இரண்டு சக்கரங்களிலும் வைத்திருந்த சிவப்பை மட்டும் துடைக்காமல், சிவப்போடு சிவப்பைச் சேர்த்துக் கோத்தார். முன்மூடியைப் போட்டு, கையால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். எதுவும் இடிக்கவில்லை. கிராங்க் கம்பியைச் செருகிச் சுற்றினார். வெகு நேரம் பிடிவாதம் பிடித்த எஞ்சின், இருமிக்கொண்டு கிளம்பியது. அண்ணன் நெற்றியைச் சுருக்கினார். திறந்து பார்க்க அவகாசமில்லை. துரை படகுத்துறைக்கு வந்துவிட்டதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிப் புறப்பட்டேன்.

மூவாரில் மேடு கிடையாது. இருக்கிற ஒரே ஏற்றம் படகுத்துறைச் சரிவு. வண்டியைத் தண்ணீர் ஓரம் வரை இறக்கி, பாரத்தோடு மேலேற வைத்துப் பார்ப்பது துரையின் வழக்கம். பாரமாகத் துரையே பின்னால் ஏறி உட்கார்ந்தார். நல்ல பாரம். கிளப்பினேன். பாதிச் சரிவு வரை வண்டி திணறிக்கொண்டு போயிற்று. அங்கே முன்னாலிருந்து பட்டாசு வெடித்தது போல ஒரு சத்தம், எஞ்சின் நின்றது. வண்டி பின்னோக்கி நகர ஆரம்பித்தது. பின்னால் மூவார் ஆறு. பிரேக்கை மிதிக்க வேண்டிய நான் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தேன். ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை. ஆற்றுக்கு எச்சரிக்கை கொடுத்தேன் போலும்.

சக்கரத்தின் அடியில் ஒரு கட்டை வந்து விழுந்தது. வண்டி குலுங்கி நின்றது. கட்டையைப் போட்டவர் காசிம் ராவுத்தர்.

வேறொருவனாக இருந்தால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பான். என் மூளை போன போக்கைப் பாருங்கள். இவர் கையில் கட்டை எப்படித் தயாராக வந்தது? வண்டி நிற்கும் என்று முன்னமே தெரிந்தவனுக்குத்தானே கட்டை தேவைப்படும்? அடுத்த நிமிஷம் அவர் பெட்ரோலில் சர்க்கரை போட்டுவிட்டார் என்று முடிவு செய்துவிட்டேன். நிரூபிப்பதற்காகத் தொட்டியில் துணியை நனைத்து நாக்கில் பிழிந்துகொண்டேன். இனிப்பு இல்லை. இனிப்பு இல்லை என்பதைக் கண்டுபிடித்த பிறகு நான் செய்ததைத் துரை பார்க்காமல் இருந்திருக்கலாம். அவருடைய பூட்ஸ் பக்கத்தில் இருந்தது.

வாயைத் துடைத்துக்கொண்டு ராவுத்தரிடம் போய், எங்கள் வண்டிக்குள் என்ன போட்டாய் என்று சட்டையைப் பிடித்தேன்.

"என் வண்டிக்கு ஊத்தவே எண்ணெய் இல்லாம நிக்கிறேன்," என்றார் அவர், சட்டையை விடுவிக்காமலே. "இதுல உன் வண்டிக்கு வேற கொண்டாந்து ஊத்தப் போறேனாடா?"

அதற்குள் அண்ணன் சைக்கிளில் வந்து சேர்ந்தார். துரையிடம் தொப்பியைக் கழற்றி, சாயங்காலம் வரை நேரம் கேட்டார். பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்த துரை என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், சரி என்றார். இவன் ஓட்டக் கூடாது என்று மட்டும் சேர்த்துக்கொண்டார்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்க் கரையோர மரத்தடியில் நிறுத்தினோம். ராவுத்தரும் தவுக்கேயும் தள்ளினார்கள். தவுக்கே தள்ளுவதிலும் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது, எழுத இடமில்லை. ரேடியேட்டரை இறக்கி, முன்மூடியைக் கழற்றினார் அண்ணன். சுற்றி ஒரு கூட்டம். நான் அவருக்கு நேர் எதிரில் குனிந்திருந்தேன்.

அண்ணன் பெரிய சக்கரத்தின் சிவப்பைப் பார்த்தார். விரலால் தொட்டார். விரலை மூக்கருகே கொண்டுபோய் மோந்தார். உடனே பனியன் நுனியால் சக்கரத்தை அழுத்தித் துடைத்தார். சின்னச் சக்கரத்தையும் துடைத்தார். ஒரு கண நேர வேலை. மற்றவர்கள் கண்ணில் பட்டிருக்காது. சந்தேகமே தொழிலாகக் கொண்ட என் கண்ணில் பட்டது.

பிறகு புள்ளி, சிவப்பு எதையும் நம்பாமல் முதலிலிருந்து தொடங்கினார். சைக்கிள் கம்பி ஒன்றை முதல் சிலிண்டரின் துவாரத்தில் விட்டு, பிஸ்டன் உச்சிக்கு வருவதை அந்தக் கம்பியின் ஏற்றத்தில் பார்த்தார். புகை வெளியேறும் வால்வு மூடி முடிந்து, காற்று நுழையும் வால்வு கண் திறக்கிற அந்த இடத்துக்குக் கேம் தண்டைத் திருப்பி, சக்கரங்களைக் கோத்தார். முன்பு இருந்ததற்கும் இப்போதைக்கும் ஒரு பல் வித்தியாசம். அதைத் தவுக்கேகூடப் பார்த்துவிட்டார்.

என்ன ஆச்சு அண்ணே என்று கேட்டார் ராவுத்தர். அண்ணன் நிமிர்ந்து கூட்டம் முழுவதையும் பார்த்துச் சொன்னார்.

"என் கைத் தப்புதான் ராவுத்தரே. ஒரு பல்லு தள்ளி வச்சுட்டேன்."

சாயங்காலம் அண்ணனே ஓட்டினார். துரையைச் சுமந்துகொண்டு வண்டி சரிவில் ஏறிப்போனது. அனுமதி கிடைத்தது. ஆனால் ராவுத்தர் அன்றே பெயரை வைத்துவிட்டார். ஒத்தைப் பல்லு. அடுத்த வாரம் படகுக்காரர்கள் சொன்னார்கள், அடுத்த மாதம் பத்து பாகாட் வரை போய்விட்டது. வழக்கமாக வந்துகொண்டிருந்த இரண்டு தோட்டத்து மோட்டார்கள் வேறு பட்டறைக்குப் போய்விட்டன. மண்ணெண்ணெய் ஊற்றிக் கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்த மனிதரிடம், புதிதாக வந்தவர்களெல்லாம் பல்லை எண்ணினீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை விட்டார்கள். எண்ணிவிட்டேன் என்பார் அண்ணன், சிரித்துக்கொண்டே.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மோந்து பார்த்தாரே, ஏன்? துடைத்தாரே, எதை? இந்த இரண்டு கேள்விகளை வைத்துக்கொண்டு நான் கட்டிய கோட்டைகளைச் சொன்னால் திவசத்துக்கு வந்தவர்கள் எழுந்து போய்விடுவீர்கள். அண்ணனுக்கும் ராவுத்தருக்கும் ரகசிய ஒப்பந்தம் என்று ஒரு காலம் நம்பினேன். அந்த நாளுக்குப் பிறகு இருவரும் ஒன்றாகத் தேநீர் குடிக்கத் தொடங்கியிருந்தார்கள். ஒரு முறை ஜாடையாகக் கேட்டேன். அன்று ஏதோ மோந்து பார்த்தீர்களே என்றேன். பெட்ரோலைக் குடித்தவன் கேட்கிற கேள்வியா இது என்று அண்ணன் வாயை அடைத்துவிட்டார்.

அதற்கப்புறம் ரப்பர் விலை விழுந்து, தோட்டங்கள் மூடி, ஜனங்கள் கும்பல் கும்பலாகக் கப்பலில் ஊர் திரும்பிய வருஷங்கள் வந்தன. மோட்டார் வைத்திருந்தவர்கள் அதை நிறுத்திவிட்டு நடந்தார்கள். அண்ணன் கொட்டகையை மூடவில்லை. கப்பலேற மூட்டை கட்டியவர்களைப் படகுத்துறைக்கு நம் வண்டியில் ஏற்றிவிடச் சொன்னார். யாரிடமும் கூலிக்குக் கை நீட்டவில்லை. இதை அவர்களில் சிலர் இன்று வேறு நாட்டிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கலாம்.

முந்தின வருஷத்து மழைக்காலத்தில் அண்ணனுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தோம். படுத்தபடியே சாலையில் போகும் மோட்டார்களைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "ராவுத்தர் வண்டி போகுது. மூணாவது வால்வு ஒட்டுது. சொல்லிடு," என்றார். அவர் என்னிடம் தொழில் பற்றிப் பேசிய கடைசிப் பேச்சு அது. மாசியில் ஒரு காலை, அண்ணி கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது போய்விட்டார்.

இனி, அடித்த வரி.

அண்ணி அன்று கீரையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னதை என் வார்த்தையில் தருகிறேன். பூஜைக்காகக் குளித்துவிட்டு வந்து சாமான்களுக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தாராம். சக்கரங்களில் ஏற்கெனவே சிவப்புப் பொட்டு இருந்தது. அண்ணன் அவசரத்தில் குளிக்காமலே பொட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்தாராம். பூஜைக்குக் குளிக்காத கை பொட்டா? எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு, குங்குமத்தை நல்லெண்ணெயில் குழைத்து, இருந்த இடத்திலேயே மறுபடி வைத்தாராம். இருந்த இடம் என்றுதான் அவர் நினைத்தார்.

செந்தூரத்துக்கு வாசனை இல்லை. எங்கள் வீட்டுக் குங்குமத்துக்கு மஞ்சள் வாசனை உண்டு.

அன்று சாயங்காலம் பனியனைத் துவைக்கும்போது நுனியில் தன் குங்குமத்தைக் கண்டு அண்ணிக்குப் புரிந்துவிட்டது. அழுதுகொண்டே போய்க் கேட்டிருக்கிறார். பொட்டைப் பார்த்துப் பூட்டியவன் நான்தானே, பொட்டு என்ன செய்யும் என்றாராம் அண்ணன். ஊரில் எல்லோரிடமும் நான் சொல்லிவிடுகிறேன் என்று அண்ணி எழுந்தபோது, அண்ணன் கையைப் பிடித்து உட்கார வைத்துச் சொன்னதை அண்ணி அப்படியே சொல்லிக் காட்டினார்.

"ஏற்கெனவே பிள்ளை இல்லன்னு உன்னைப் பேசுறாங்க. இதுவும் தெரிஞ்சா, இவ கை பட்டுத்தான் வண்டி ஆத்துக்குப் போச்சும்பாங்க. அது உன்னை விட்டுப் போகாது. என்னைச் சொன்னா, சிரிச்சிட்டு விட்டுடுவாங்க."

அடுத்த வருஷப் பூஜைக்கு முன்னால் அண்ணன் உளியை எடுத்து, இரண்டு சக்கரங்களிலும் ஆழமாக ஒரு கோடு வெட்டியதை நானே பார்த்திருக்கிறேன். ஏன் வெட்டினார் என்று இப்போதுதான் தெரிகிறது. சக்கரத்துக்குப் பொட்டு வைக்காதே என்று ஒரு வருஷம்கூட அவர் அண்ணியிடம் சொல்லவில்லை. எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும் என்று இரும்பில் வெட்டிக்கொண்டார்.

நான் தயங்கினேன். அண்ணன் ஆயுள் முழுக்க மூடி வைத்ததை நாம் அச்சடித்து ஊருக்குக் கொடுக்கலாமா என்று கேட்டேன். ஊர் உங்களைப் பேசுமே என்றும் கேட்டேன்.

"பேசட்டும். எனக்குக் காதும் மந்தமாயிடுச்சு." அண்ணி மறுபடியும் கீரையைக் கையில் எடுத்துக்கொண்டார். "எனக்காக வாங்கிக்கிட்ட பேரு தம்பி அது. அவரு இருக்கிற வரைக்கும் அவரு பேச்சைக் கேட்டேன். இனிமே அது யாரைக் காப்பாத்துது? நான் இருக்கும்போதே அவர் பேரைத் திருப்பிக் குடுத்துடணும்."

ஆகவே உற்றாரும் நண்பர்களும் அறிய வேண்டியது: எங்கள் அண்ணன் தொழிலில் கை தவறியதில்லை.

நோயில் உடனிருந்த ஆஸ்பத்திரித் தாதிக்கும், இறுதி ஊர்வலத்துக்கு மூங்கில் தந்த மலாய்க் கம்பத்துக் கிராம மக்களுக்கும், பாடை கட்டும் பலகையைத் தானே இழைத்துக் கொடுத்து அதற்கு நன்றி சொல்லக்கூட எங்களை விடாத நாற்காலிக் கடைத் தவுக்கேக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. தவுக்கே மீது எனக்கு இருந்த சந்தேகம் என்ன என்று கேட்டால் சாப்பாட்டுக்குப் பிறகு சொல்கிறேன்.

இன்னும் ஒருவர். எழுதுவது என் வேலை, சொல்வது தன் வேலை என்று அண்ணி தானே படகுத்துறைக்கு நடந்துபோய், காசிம் ராவுத்தரிடம் நடந்ததைச் சொன்னார். நான் பின்னால் நின்றேன். "தினம் தினம் அந்தப் பேரைச் சொல்லித்தானே தங்கச்சி அவரக் கூப்பிட்டேன்," என்றார் ராவுத்தர். "திரும்பிப் பார்த்துச் சிரிப்பாரே." பிறகு, திவசத்தில் உங்கள் முறைப்படி எனக்கு ஒரு வேலையும் கிடையாது, இருந்தாலும் ஒரு வேலை கொடுங்கள் என்று கேட்டார்.

வாசலில் நின்று இந்த மலரை உங்கள் கையில் தந்தவர் அவர்தான். ஒவ்வொருவரிடமும் இந்தப் பக்கத்தைப் பிரித்துக் காட்டியிருப்பார். படித்துவிட்டதாக அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே வாருங்கள். அண்ணி இலை போட்டு வைத்திருக்கிறார்.